உப்புத் தண்ணீர் தின்ற இன்ஜின் பிளாக்

"தண்ணி மட்டும் வாரம் ஒருவாட்டி கொஞ்சம் ஊத்திக்கணும் சார், மத்தபடி இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று பழைய கார் விற்பவர் சொன்னால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டு பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடுவது மூடிய பாதையில். டீசல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது. வாரம் அரை லிட்டர் குறைகிறதென்றால் அந்த அரை லிட்டர் தரைக்குப் போகிறது, இல்லையேல் சிலிண்டருக்குள் போகிறது, அதுவும் இல்லையேல் ஆயிலில் கலக்கிறது. இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இத்தனை நாள் வாராவாரம் ஊற்றியது எந்தத் தண்ணீர்? கடலூர் முதுநகர் பக்கமோ புதுச்சேரி வீராம்பட்டினம் பக்கமோ கடலை ஒட்டிய போர் தண்ணீர் என்றால், ஒழுகும் ஓட்டையை அடைத்தால் மட்டும் வேலை முடியாது.

சிலிண்டர்களைத் தாங்கும் வார்ப்பான பிளாக் ஒழுகுவதைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் பனி விழும் நாடுகளின் வீடியோக்கள். ராத்திரி தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக்கைப் பிளந்துவிட்டது என்பார்கள். மார்கழி விடியலில்கூடக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தண்ணீர் உறையாது. இங்கே பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, உள்ளேயிருந்து துரு தின்பது. மற்றது, கொதித்து நின்ற இன்ஜினில் பதற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விரிசல் விட வைப்பது. முதலாவதுதான் மிக அதிகம். அதிலும் ஓட்டை விழுவது பெரும்பாலும் வார்ப்பில் அல்ல, வார்ப்பில் அடித்திருக்கும் தகர மூடியில்.

அந்த மூடியின் பெயர் கோர் பிளக். ஸ்பேர் கடையில் வெல்ச் பிளக், பிரீஸ் பிளக் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பிளாக்கை மணல் அச்சில் வார்க்கும்போது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே ஒரு மணல் உருவத்தை வைக்கிறார்கள். வார்த்து முடிந்ததும் அந்த மணலை வெளியே எடுக்கப் பக்கவாட்டில் வட்டத் துளைகள் வேண்டும். மணல் வந்தபின் அந்தத் துளைகளைக் கிண்ணம் போன்ற இரும்பு மூடியால் அடைக்கிறார்கள். தண்ணீர் உறைந்தால் பிளாக்கைக் காப்பாற்றத்தான் இது இருக்கிறது என்பது பிரீஸ் (உறைதல்) என்ற பெயரால் வந்த தப்பெண்ணம். பிளாக்கின் சுவர் பல மில்லிமீட்டர் தடிமன். இந்த மூடி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. துரு தின்னத் தொடங்கினால் முதலில் எது ஓட்டையாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கூலண்டில் கிளைக்கால் என்ற ரசாயனத்தோடு துரு தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் அது இல்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் இருக்கிறது, குளோரைடும் இருக்கிறது. சுண்ணாம்பு அதிகச் சூடான இடங்களில் படிகிறது. குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்துப் போலக் குழி தோண்டுகிறது. உதிர்ந்த துரு, ஓட்டம் மந்தமாக இருக்கும் இடத்தில், பெரும்பாலும் பிளாக்கின் அடிப்பகுதியிலும் பின் மூலையிலும், சேறாகத் தங்குகிறது. சேற்றுக்கு அடியில் துரு இன்னும் வேகம் பிடிக்கும். அதனால்தான் கை எட்டாத பின்பக்க பிளக்கே பல வண்டிகளில் முதலில் போகிறது. சுவிஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டாவில் வந்த 1.3 டீசல் இன்ஜினுக்குப் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் ஓடினால் இரண்டுமே அரிக்கும். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பிளாக்கே அலுமினியம். அங்கே துருச்சேறு குறைவாக இருக்கலாம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பொருந்தும் முகங்களில்தான் அரிப்பு தெரியும்.

சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது என்று விடக்கூடாததற்குக் காரணம் அழுத்தம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் ஏறக்குறைய 107. ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரி வரை ஏறும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடத்தில் தண்ணீர் ஆவியாகி, குமிழி ஒட்டிக்கொண்டு, அந்த இடம் மட்டும் கட்டுக்கடங்காமல் சூடேறும். ஹெட் வளையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் பேக்கிங் போகும். சில பத்து ரூபாய் பிளக்கில் தொடங்கி லேத்தில் ஹெட்டைத் தட்டையாக்கும் பேசிங் வரை போகும் பாதை இதுதான்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எதையும் கழற்ற வேண்டாம். ஓடும்போது காற்று சொட்டுகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். முதலில் இன்ஜினைக் கழுவிக் காய விடுங்கள். பிறகு டார்ச்சோடு பார்த்து, ஈரம் தெரியும் மிக உயரமான புள்ளியைத் தேடுங்கள். காய்ந்த கூலண்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருக்கும், துரு கலந்தால் செம்மண் கோடு. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து ஒழுகினால் பம்ப் சீல் போய்விட்டது, பிளாக்கின் மேல் தப்பில்லை. காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஒழுகி, சூடானால் நின்றால் ஓஸ் கிளிப்பைச் சந்தேகிக்கலாம். சூடாகி அழுத்தம் ஏறினபின் மட்டும் ஒழுகினால் விரிசலோ பிளக்கோ. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் பின்பக்க பிளக். இதை ஆயில் சீல் என்று நினைத்துப் பணத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. விரலில் தொட்டுப் பாருங்கள்: கூலண்ட் வழவழப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருக்கும். நாக்கில் வைக்கவே கூடாது, அது விஷம்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பிரஷர் டெஸ்டர் வேண்டும். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பொருத்தி, கையால் காற்றடிக்கும் பம்ப். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும் பார் அளவுக்குத்தான் அடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நல்ல ஓஸையும் நாமே கிழித்துவிடுவோம். 15, 20 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் கீழே படுத்துப் பார்க்கலாம், பிளக் ஓட்டையில் நூல் போலத் தண்ணீர் பீச்சும். முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் கசிவு உள்ளே. அழுத்தத்தோடு இரவு முழுக்க விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போனில் மாட்டும் சின்னக் கேமராவை உள்ளே விட்டால் பிஸ்டன் மேல் தண்ணீர் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் விடாமல் வரும் வெண்புகை, ஆயில் மூடியின் உட்புறம் தயிர் போன்ற படிவு, ரேடியேட்டரில் ஓயாத குமிழி ஆகியவையும் அதே பக்கத்தைக் காட்டும். குமிழி சிலிண்டரில் எரிந்த வாயுதானா என்று அறிய நீலத் திரவச் சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுத்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். மாறினால் ஹெட் பேக்கிங்கோ, ஹெட் அல்லது பிளாக் விரிசலோ. ஹெட்டை இறக்காமல் தீராது.

வெளிக் கசிவு, கோர் பிளக்தான் என்று தெரிந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பட்டறைகளில் பெரும்பாலும் புது பிளக்கை அடித்துவிட்டுப் பிறகு உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், அதாவது ஃப்ளஷ் செய்கிறார்கள். வரிசையை மாற்றுவது நல்லது. முதலில் ஃப்ளஷ், அப்புறம் மறுபடி பிரஷர் டெஸ்ட், அதற்குப் பிறகே கழற்றுவது. துருச்சேறு சில நேரம் ஓட்டையை அடைத்தே வைத்திருக்கும். பழைய பிளக் இருக்கும்போதே சேற்றைக் கழுவிவிட்டால் அடுத்து ஒழுகக் காத்திருக்கும் இரண்டு மூன்றும் அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். எப்படிப் பார்த்தாலும், ஒன்று ஓட்டையானால் கை எட்டும் எல்லா பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஒரே தண்ணீரில் ஒரே காலம் ஊறியவை அவை.

கூலண்டை இறக்கும்போது ரேடியேட்டர் அடியிலுள்ள திருகை மட்டும் திறந்தால் பிளாக்கில் இருப்பது அப்படியே நிற்கும். பிளாக்கில் தனி டிரெயின் போல்ட் இருந்தால் அதையும் கழற்றுங்கள். திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் சேறு அடைத்திருக்கிறது. ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். இறக்குவதை அகலமான தட்டில் பிடிக்க வேண்டும். நம் தெருக்களில் மாடும் நாயும் திரிகின்றன; இனிப்பாக இருப்பதால் நக்கிக் குடிக்கும். சின்ன நாய் சாகச் சில தேக்கரண்டி கிளைக்கால் போதும். வாய்க்காலில் ஊற்றாமல் மூடியுள்ள கேனில் வைத்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடமோ பெரிய சர்வீஸ் நிலையத்திலோ சேர்த்துவிடுங்கள்.

பிளக்குக்கு வழி விடுவதுதான் பெரிய வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு ஏற்ப செல்ஃப் மோட்டார், இன்ஜின் மவுண்டிங், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கடற்காற்றில் பத்து வருடம் நின்ற வண்டியின் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் சும்மா கழலாது. முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விட்டு, மறுநாள் காலை இன்னொரு முறை அடித்து, நட்டை ஒரேயடியாகத் திருகாமல் முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். ஒரு ஸ்டட் உடைந்தால் அதைத் துளையிட்டு எடுக்கும் செலவு பிளக் மாற்றும் செலவைத் தாண்டிவிடும். பின்பக்க பிளக் என்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பார்த்து மாற்றிவிடுங்கள். அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டாம்.

பழைய பிளக்கை எடுக்கும்போது நடுவில் ஓங்கி அடிக்கக் கூடாது. பின்னால் சில மில்லிமீட்டர் இடைவெளியிலேயே சிலிண்டர் சுவர் இருக்கும் இன்ஜின்கள் உண்டு. மொட்டை உளியை பிளக்கின் ஒரு ஓரத்தில் வைத்து மெல்லத் தட்டினால் அந்த ஓரம் உள்ளே போய் எதிர் ஓரம் வெளியே திரும்பும், தட்டு செங்குத்தாகச் சாய்வது போல. திரும்பிய விளிம்பைக் கட்டிங் பிளையரால் பிடித்து நெம்பி இழுத்தால் வந்துவிடும். முழுசாக உள்ளே விழுந்துவிட்டால் அப்படியே விடாதீர்கள், ஓட்டத்தை அடைக்கும். காந்தக் கம்பியால் வெளியே எடுத்தபின், அந்தத் துளை வழியே உள்ளே பார்க்கலாம். இத்தனை வருடத் தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்பது அங்கே தெரியும். கம்பியால் சுரண்டி, தண்ணீரைப் பீச்சியடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

துளையின் உள் விளிம்பை 120 எண் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தால் போதும். கிரைண்டர் வைத்தால் வட்டம் கெட்டு, எந்த பிளக்கும் நிற்காது. தேய்த்தபின் வெர்னியரால் அளந்து, துளையைவிட 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் பெரிய பிளக்காக வாங்குங்கள். கண்ணளவில் வாங்கிய பிளக் ஒரு மாதத்தில் கழன்று நடுரோட்டில் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிடும். பித்தளை பிளக் கிடைத்தால் வார்ப்பிரும்புப் பிளாக்குக்கு அதையே போடுங்கள், செந்துரு பிடிக்காது.

அடிப்பதற்கு முன் துளையில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. பனியன் வேஸ்டில் தின்னர் நனைத்துத் துடைத்து, சீலண்டை மெல்லிய வளையமாகத் தடவுங்கள். அளவு மீறினால் உதிர்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் உட்காரும். கிண்ண வடிவ பிளக் என்றால் திறந்த வாய் வெளியே பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் சற்றுத் தளர்வாகப் போகும் சாக்கெட்டை வைத்து, அடிப்பாகத்தில் அடி விழும்படி அடியுங்கள். விளிம்பில் அடித்தால் நெளிந்துவிடும். கோணலாகப் போகத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, அதை எறிந்து புதிது எடுங்கள். விளிம்பு துளையின் சரிவுக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனதும் போதும். குவிந்த தட்டு வடிவப் பழைய வகை என்றால் குவிந்த பக்கம் வெளியே. நடுவில் உருண்டை முனையால் ஓர் அடி கொடுத்தால் தட்டையாகி விரிந்து பிடித்துக்கொள்ளும். சீலண்ட் டியூபில் எத்தனை மணி நேரம் காய விடச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நேரம் விட வேண்டும். சிலிக்கான் வகைக்கு ஒரு நாள். அன்று மாலையே வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துவது வாடிக்கையாளர்தான். மெக்கானிக் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ரப்பரை போல்ட்டால் இறுக்கி விரிக்கும் தற்காலிக பிளக் ஒன்று உண்டு. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர அது உதவும்.

விரிசல் என்றால் கணக்கு வேறு. முதலில் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம் அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். வெளிச் சுவரில், தண்ணீர் ஓடும் பகுதியில் மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளையிட்டு ஓட்டத்தை நிறுத்தி, கோட்டை வி வடிவில் தோண்டி, சூடு தாங்கும் இரும்புத்தூள் எபாக்சியால் நிரப்பி 24 மணி நேரம் காய விடலாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் புட்டி இந்தச் சூட்டில் நிற்காது. விரிசல் நீளமென்றால் திருகு ஊசிகளை ஒன்றோடொன்று கோத்துத் தைக்கும் முறை மேல். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வதென்றால் நிக்கல் ராடு வைத்து, ஒரு நேரத்தில் ஓர் அங்குலம், ஒவ்வொரு முறையும் சுத்தியலால் லேசாகத் தட்டி, கை வைக்கும் அளவு ஆறியபின் அடுத்தது. ஒரே மூச்சில் இழுத்தால் ஆறும்போது பக்கத்திலேயே புது விரிசல் விடும். சிலிண்டர்களுக்கு நடுவிலோ ஹெட் போல்ட் துளைக்குள்ளோ ஓடியிருந்தால் காசு செலவழிக்க வேண்டாம், வேறு பிளாக் பாருங்கள். பிளாக் மாறினால் இன்ஜின் எண்ணும் மாறும். டிஎன் 31 ஆனாலும் பிஒய் 01 ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸில் மாட்டிக்கொள்வீர்கள்.

மஞ்சள் தூள், புகையிலைத் தூள், கடையில் விற்கும் கசிவு நிறுத்தி எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஓட்டையில் போய் அடைகின்றன. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அடைகின்றன. வாங்கப் போகும் வண்டியின் ரிசர்வ் டேங்கில் மஞ்சள் படிவு இருந்தால், ஓஸ்கள் பழையவையாக இருக்க பிளாக்கின் ஒரு பக்கம் மட்டும் புது வெள்ளிப் பெயின்ட் இருந்தால், அந்தப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலில் புதுச்சேரியின் தாழ்வான பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி மூழ்கிய வண்டிகளில் பிளக் வெளியிலிருந்தும் துருவேறியிருக்கும், ரேடியேட்டர் இடுக்குகளில் வண்டல் இருக்கும். செல்ஃப் மோட்டாரின் பின்புறம் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

திரும்ப நிரப்பும்போது செய்யும் தப்பு: ஃப்ளஷ் செய்த தண்ணீர் ஒன்றரை இரண்டு லிட்டர் உள்ளேயே தங்கியிருக்க, மேலே ரெடிமிக்ஸ், அதாவது தண்ணீர் கலந்தே விற்கும் கூலண்ட், ஊற்றுவது. பாதிக்குப் பாதியாக இருக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்காகிவிடும். கடைசிக் கழுவலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் கேன் போதும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் இரண்டரை லிட்டர், மீதிக்கு டிஸ்டில்டு. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு மாற்று அல்ல, அதில் உப்பு மிச்சம் இருக்கிறது. கலவை சரியா என்று பார்க்க, அது உறையும் வெப்பநிலையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தால் மைனஸ் 37 டிகிரி காட்ட வேண்டும். உறைவது நம் கவலை இல்லை. பாதி கிளைக்கால் என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். நிறத்தை நம்பி ஒரு கூலண்டோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. வண்டிப் புத்தகம் சொல்லும் வகையை வாங்குங்கள்.

"நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றிப் போடும் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடே இல்லை. அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் கதவு. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடேறாமல் ஓடி, கம்ப்யூட்டர் எரிபொருளை அதிகமாக ஊற்றும். பைபாஸ் வழியையும் அதே தெர்மோஸ்டாட் மூடும் இன்ஜின்களிலோ, கழற்றிய பிறகு சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, நெரிசலில் முன்னைவிட அதிகம் கொதிக்கும். கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, திறக்கவில்லை என்றால் புதிது வாங்கிப் போடுங்கள்.

காற்று வெளியேற, முன்பக்கத்தை ஏற்றி நிறுத்த வேண்டும். ஊரே தட்டை என்பதால் ராம்ப் உள்ள பட்டறை வசதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிளீடர் திருகு இருந்தால் திறந்து, குமிழி நின்று திரவம் மட்டும் வரும்போது மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். குளிர்ந்தபின் மறுபடி பிரஷர் டெஸ்ட். இந்த முறை 20 நிமிடம் முள் அசையக்கூடாது. சோதனை ஓட்டத்துக்குக் காலியான ஈசிஆரைவிட, மாலை ஆறு மணிக்கு கடலூர் ஆல்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி மரப்பாலம் வரை ஊர்ந்து போவது நல்லது. ஃபேனும் பிளக்கும் தாங்குமா என்பது நெரிசலில்தான் தெரியும். திரும்பி வந்து, ராத்திரி வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். ரிசர்வ் டேங்கில் திரவ மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு, முதல் 1000 கிலோமீட்டர் வரை தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதல் இரண்டு நாள் சிறிது இறங்கும். கலந்து வைத்த கூலண்டில் கொஞ்சத்தைப் பாட்டிலில் எடுத்து டிக்கியில் வைத்திருந்து அதையே ஊற்றுங்கள். நான்காம் நாளும் கோடு இறங்கினால் டெஸ்டரை மறுபடி மாட்ட வேண்டியதுதான்.